ஜெனிஃபரின் ஆறு கிலோ

ஜெனிஃபர் மூன்று வருஷத்தில் பதினெட்டு கிலோ குறைத்தவள். கேட்பதற்கு மலைப்பாகத்தான் இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் சொல்கிறேன், அது பதினெட்டு இல்லை. ஒரே ஆறு கிலோவை மூன்று தடவை குறைத்தாள். போன ஆறும் வருஷம் முடிவதற்குள் வீடு திரும்பிவிடும். திரும்பும்போது துணைக்கு இன்னொரு கிலோவையும் கையைப் பிடித்து அழைத்து வரும்.

என் பெயர் வனஜா. திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊர். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கிறேன். எங்கள் லைனின் கடைசியில் நிற்கும் செக்கர்தான் ஜெனி. நாங்கள் தைத்து அனுப்புவதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, விட்டுப்போன தையல், கோணிய பாக்கெட், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடிய மறுவருஷம் ஆண்டனியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். இப்போது நாற்பத்து நான்கு வயது. உடம்பு கனம், குரல் அதைவிடக் கனம்.

அவர்களுடைய தமிழ்ச் சர்ச்சில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை லெந்து நாட்கள் என்பார்கள். உபவாசம் இருந்து ஜெபிக்கும் காலம். பெண்கள் சங்கத்தில் பலர் சாயங்காலம் ஆறு மணிவரை தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருப்பார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நானும் சனிக்கிழமை ஒருபொழுது இருக்கிறவள்தான். சாமிக்கு இருப்பது அவரவருக்கும் சாமிக்கும் நடுவில் உள்ள விஷயம்.

அந்த நடுவில் ஒரு எடை மிஷினைக் கொண்டுவந்து வைத்தாள் ஆஷ்லி. மூன்று வருஷத்துக்கு முன் சங்கத்துக்குப் புதிய செயலாளராக வந்தவள். ஐடி கம்பெனி வேலை, இருபத்தொன்பது வயது, எல்லாரையும் ஆன்ட்டி ஆன்ட்டி என்று பிரியமாகக் கூப்பிடுவாள். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைத் திட்டவும் முடிவதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். “உபவாசம் ஆத்துமாவுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது ஆன்ட்டி” என்றாள். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று சர்ச் ஹாலில் எல்லாரையும் ஏற்றி இறக்கி, பெயருக்கு எதிரே எடையை எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஈஸ்டர் காலையில் மறுபடி ஏற வேண்டும். அதிகம் குறைத்தவருக்குப் பரிசு ஒரு பிரஷர் குக்கர்.

முதல் வருஷம் ஜெனி எண்பத்திரண்டில் தொடங்கி எழுபத்தாறில் முடித்தாள். குக்கர் வாங்கினாள். இரண்டாம் வருஷம் எண்பத்துமூன்று, எழுபத்தேழு, இன்னொரு குக்கர். மூன்றாம் வருஷம் எண்பத்துநான்கு, எழுபத்தெட்டு, மூன்றாவது குக்கர். இந்தக் கணக்கில் என்ன கோளாறு என்று ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சர்ச்சில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் ஒருநாள் சொன்னதற்கு என்மேல் பாய்ந்தாள்.

“பொறந்ததுலேர்ந்து எதுலயும் ஃபர்ஸ்ட் வந்ததில்லடி நான். இதுல வர்றேன். உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?”

வயிற்றெரிச்சல் அவளுக்குத்தான், பசியில். ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்கு ஒருநாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், எங்கள் லைனில் பாதிப் பேரின் நாளும் இதுதான். நாலரைக்கு எழுந்து கணவனுக்கும் காலேஜ் போகும் மகளுக்கும் டிபன், சாப்பாடு எல்லாம் கட்டி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயை ஊற்றிக்கொண்டு ஓடி வருவாள். பத்தரைக்கு இன்னொரு டீ, கூட ஒரு பன். மத்தியானம் அரைமணி இடைவேளையில் கொண்டுவந்த சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் டீ, பஜ்ஜி. ராத்திரி ஒன்பதரைக்கு, எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின், அடிப்பானையில் இருக்கும் சோறு, மகள் வேண்டாமென்று தள்ளிய தோசை, ஆண்டனி வைத்த மிச்சக் குழம்பு, ஒன்றும் வீணாகக் கூடாது என்று அத்தனையும் அவள் வயிற்றுக்குள் போகும். லெந்து முடிந்த மறுநாளிலிருந்து மறுபடி இதே வாழ்க்கை. ஆறு கிலோ எங்கே போகும், பாவம், அதற்கும் வேறு வீடு கிடையாதே.

போன ஜனவரியில் அவளுக்குச் சர்க்கரை ஒன்பதைத் தாண்டியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்த எண் ஏழுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். கண்ணையும் படம் எடுத்தார்கள். உள்ளே ரத்தக்குழாயில் லேசாகக் கசிவு ஆரம்பித்திருந்தது. டாக்டர் மைதிலி ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதி, காலைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஜெனி தலையாட்டிவிட்டு வந்தாள். மார்ச்சில் சாம்பல் புதன் வந்தது. எண்பத்தைந்து கிலோ என்று எழுதிக்கொண்டு லெந்தில் இறங்கிவிட்டாள். மாத்திரையை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் தண்ணீரில் போட்டு விழுங்கினாள். உபவாசத்துக்குத் தண்ணீர் தோஷமில்லை, மாத்திரை சாப்பாடும் இல்லை என்பது அவளுடைய கணக்கு.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். பாக்கிங்கிலிருந்து ஒரு கட்டுச் சட்டை திரும்பி வந்தது. சூப்பர்வைசர் கிஷோர் அதை அவள் மேஜைமேல் போட்டு, “கண்ணு காணல்வா நிமகே?”, கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் கத்தினான். அவன் கையில் பிடித்திருந்த சட்டையில் பாக்கெட்டே இல்லை. பாக்கெட் இல்லாத சட்டைக்குச் சரியென்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள் ஜெனி. மற்ற நாளாக இருந்தால் கிஷோருக்கு இரண்டு மொழியிலும் பதில் கிடைத்திருக்கும். அன்று அவனைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னவோ சொல்ல வந்தாள், நாக்கு புரளவில்லை. அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

என் அக்காவுக்கும் சர்க்கரை இருப்பதால் எனக்கு இது தெரியும். நினைவு தப்பவில்லை என்று பார்த்துக்கொண்டு, என் டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். “உபவாசம்டி” என்று முனகினாள். “மூடிக்கினு குடி” என்றேன். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது.

அன்று சாயங்காலம் நானே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மைதிலி டாக்டர் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“சாப்பாட்டோட போடுங்கன்னு சொன்ன மாத்திரைய வெறும் வயித்துல போட்டிருக்கீங்க. வேலை செய்யற இடத்துல விழுந்தீங்க, பிழைச்சீங்க. பஸ் ஸ்டாப்புல விழுந்திருந்தா?”

“நாப்பது நாள்தானே டாக்டர். ஆறு கிலோ குறையுது.”

“குறைஞ்சது எத்தனை நாள் இருக்கு?”

ஜெனி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“சர்க்கரை இப்படித் தாறுமாறா ஏறி இறங்கினா கண்ணு தாங்காதும்மா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்பேன். கசிவு கூடியிருந்தா இந்த செக்கர் வேலைய மறந்துட வேண்டியதுதான்.”

ஜெனிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “தின்னாலும் தப்பு, தின்னாட்டியும் தப்பு. நான் இன்னாதான் பண்றது, நீங்களே சொல்லுங்க.”

“காலைல என்ன சாப்பிடுவீங்க?”

“இப்போ லெந்து. ஒண்ணுமில்ல.”

“லெந்து இல்லாத நாள்ல?”

“டீ.”

“எத்தனை வருஷமா?”

ஜெனி விரலை மடக்கி எண்ணினாள். கல்யாணமான வருஷத்திலிருந்து எண்ணியிருப்பாள்போல. “இருபத்திரண்டு” என்றபோது குரல் இறங்கியிருந்தது.

“அப்போ நீங்க நாப்பது நாள் இல்ல, இருபத்திரண்டு வருஷமா காலைல உபவாசம்தான் இருக்கீங்க. ராத்திரியில விருந்து. இதை மாத்தாம வேற எதை மாத்தினாலும் நிக்காது.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஓசூர் ரோடு முழுக்க வண்டிகள், ஒன்றும் நகரவில்லை. லங்கணம் பரம ஔஷதம், பட்டினிதான் பெரிய மருந்து என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் மாத்திரை விழுங்குகிறவளுக்கு அது பொருந்துமா என்று நான் என்னவோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. “செக்கர் வேலை போச்சுன்னா நூல் கத்திரிக்கிற எடத்துல போடுவானுங்களாடி? அதுக்கும் கண்ணு வேணுமே” என்றாள். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பயத்தைப் பார்த்து எனக்கு ஆஷ்லிமேலும் அந்த மிஷின்மேலும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலை ஜெனி தன் வீட்டில் முதல் ஆளாகச் சாப்பிட்டாள். ஆண்டனிக்குப் பரிமாறுவதற்கு முன்னால், உட்கார்ந்து, தட்டு வைத்து, இரண்டு தோசையும் கீரைக் குழம்பும், ஒரு முட்டையும். ஆண்டனி ஒரு டெக் பார்க்கில் செக்யூரிட்டி, சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர். சர்ச்சில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது அவர் கவலை.

“லெந்துல, அதுவும் நீ, மூணு வருஷம் ஃபர்ஸ்ட் வந்தவ. ஜனங்க இன்னா சொல்வாங்க ஜெனி? வேணும்னா ஈஸ்டர் வரைக்கும் மாத்திரைய நிறுத்திக்கோயேன்.”

“கண்ணு போனா ஜனங்க வந்து சட்டைய செக் பண்ணுவாங்களா?”

அதோடு நிறுத்தவில்லை. அன்று ராத்திரி மிச்சம் இருந்த சோற்றையும் குழம்பையும் அவர் முன்னால் நகர்த்தினாள். “வீணாகக் கூடாதுன்னா நீ தின்னு. இல்ல, நாளைக்கு அளந்து போடச் சொல்லு. நான் இந்த வீட்டுக்குப் பொண்டாட்டி, குப்பைத்தொட்டி இல்ல.” மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அரிசி அளந்துதான் போனது. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு வந்தது. ஒரு சின்ன உருண்டை களி, காய் போட்ட குழம்பு, வாரத்துக்கு இரண்டு நாள் மீன். டீயில் சர்க்கரை போயிற்று. அது நின்ற முதல் வாரம் முழுக்க அவள் எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள், நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சர்ச்சில் விஷயம் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. விரதம் முறித்தவள் என்று பேசினார்கள். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. ஒரு மணிக்கு ஜெனி எழுந்து வெளியே வந்து, சர்ச் வராந்தாவில் எல்லார் பார்வையிலும் படும்படி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். மறைந்து சாப்பிட இடமா இல்லை என்று மறுநாள் கேட்டேன். “திருடினதையா தின்றேன்?” என்றாள்.

ஈஸ்டர் காலை என்னையும் கூப்பிட்டாள். ஆராதனை முடிந்து ஹாலில் இட்லி, கறிக்குழம்பு வாசனை. ஒரு மூலையில் அந்த மிஷின். ஆஷ்லி கையில் மைக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எவ்வளவு குறைந்தது என்று வாசித்தாள். நாலு கிலோ, ஐந்து கிலோ, கைதட்டல். ஜெனி ஏறினாள்.

“ஜெனிஃபர் ஆன்ட்டி... ஒண்ணு பாயின்ட் நாலு.”

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், “தின்னுக்கினே உபவாசம் இருந்தா இம்மாந்தான் குறையும்” என்றது. ஆண்டனி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தக் குரல்காரியைத் தேடிப் போய் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று கால் துறுதுறுத்தது. வேற்றுச் சாமி வீட்டில் வந்து சண்டை போட்டாள் என்று பெயர் வாங்க வேண்டாமே என்று நின்றேன். அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஜெனி மிஷினைவிட்டு இறங்கவில்லை.

“அந்த மைக்க இப்படிக் குடும்மா” என்று வாங்கிக்கொண்டாள். “நான் மூணு வருஷமா ஜெயிச்சேன். இன்னிக்கு எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். நான் உபவாசம் இருந்தது இயேசப்பாவுக்கு இல்ல, இந்த மிஷினுக்கு. அவரு மன்னிச்சிடுவாரு. என் கண்ணு மன்னிக்கல. உள்ள ரத்தம் கசியுது, பன்னெண்டாம் நாள் ஃபேக்டரில விழுந்தேன். சாமிக்கு இருக்கிறவங்க இருங்க, நான் வேணாம்னு சொல்லல. எடைக்கு இருக்கிறவங்க சாமி பேரைச் சொல்லாதீங்க.”

மைக்கோடு ஆஷ்லி பக்கம் திரும்பினாள்.

“ஆஷ்லி, இந்தப் பரிச இன்னிக்குக் குடுக்காத. நாப்பது நாள் பட்டினி கிடந்தா யாருக்கும்தான் குறையும். கிறிஸ்துமஸ் கேக்கெல்லாம் தின்னு முடிச்சப்புறம், டிசம்பர் கடைசில, இதே மிஷின்ல ஏத்து. அப்போ எவ குறைஞ்சிருக்காளோ அவளுக்குக் குடு. தைரியம் இருக்கிறவங்க பேர் குடுங்க. மொதல்ல என் பேரு.”

ஆஷ்லிக்கு முகம் சிவந்துவிட்டது. எதிர்த்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்தாள். நாலு வருஷக் கணக்கும் அதில்தான் இருந்தது போலிருக்கிறது. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

சர்ச் போதகரை அவர்கள் ஐயர் என்பார்கள், அவருடைய மனைவி ஐயரம்மா, “என்னம்மா பாக்குற, வாய்விட்டுச் சொல்லு” என்றார்.

“ஆன்ட்டி, முதல் வருஷத்துலேர்ந்து இருக்கிறவங்க இருபத்துமூணு பேர். ஒவ்வொரு சாம்பல் புதனையும் பாத்தா...” இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். “பத்தொம்பது பேருக்கு ஏறித்தான் இருக்கு. எனக்கும்தான். நான் இதைச் சேத்து வச்சுப் பாக்கவே இல்ல.”

அந்த ஒரு நிமிஷம் அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது. சொல்லாமலே போனை மூடியிருக்கலாம். ஐயரம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“எனக்கும் அஞ்சு வருஷமா சர்க்கரை மாத்திரைதான். லெந்துல வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு பிஸ்கட் தின்னுட்டுப் போடுறேன். ஜெனி வராந்தாவுல உக்காந்து தின்னா, நான் ஒளிஞ்சு தின்னேன். டிசம்பருக்கு என் பேரையும் எழுதும்மா.”

அதன் பிறகு தயங்கித் தயங்கி ஒன்பது பெயர் சேர்ந்தது. பின்னாலிருந்து கேட்ட அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சேரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது ஆண்டனி, “ஒரு வார்த்தை என்கிட்ட முன்னாடி சொல்லியிருக்கலாம்” என்றார். “சொன்னா விட்டிருப்பியா?” என்றாள் ஜெனி. விட்டிருக்கமாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

இப்போது அக்டோபர். ஜெனி எண்பது கிலோ. ஏழு மாதத்தில் ஐந்து. போஸ்டரில் போட்டுக்கொள்கிற கணக்கு இல்லை. நடுவில் தங்கவயலில் ஒரு கல்யாணம், அதில் பிரியாணி சாப்பிட்டாள், ஒரு கிலோ ஏறியது. அதற்காகப் பட்டினி கிடக்கவில்லை, மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து முதல் ஆளாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சர்க்கரை ஏழு பாயின்ட் ஒன்று. போன திங்கட்கிழமை கண்ணைத் திரும்பப் படம் எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் அவளுடைய சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கசிவு கூடவில்லை, இப்படியே இருங்கள் என்றார். ஜெனி ஆட்டோவில் ஏறியபின் அழுதாள்.

மறுநாள் நான் தைத்த கட்டிலிருந்து பன்னிரண்டு சட்டை என் மேஜைக்குத் திரும்பி வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். காலருக்கு அடியில் ஒரு தையல் விட்டிருக்கிறதாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டையைக் கிட்டே கொண்டுபோய் விரலால் தடவிப் பார்த்தேன். விட்டிருந்தது, ஒரே ஒரு தையல், பன்னிரண்டிலும்.

“பிரிச்சுத் தைடி” என்றாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “எல்லாருக்கும் முன்னாலயும் சொல்றேன், எனக்குக் கண்ணு தெரியுது.”

அவள் பரம்பரையையே திட்டிக்கொண்டு பன்னிரண்டையும் பிரித்தேன். வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் சந்தோஷமாகப் பிரித்த சட்டைகள் அவைதான்.